சி-க்கு மாற்றித் தரும் கம்பைலர் ஓடுகிறது. அடுத்து எதில் கை வைப்பது?

நுனிக்கிளை:

வணக்கம். மூன்று பேர் சேர்ந்து ஒரு சிறிய நிரல்மொழியைக் கட்டற்ற மென்பொருளாக எழுதி வருகிறோம். நிரல் ஓடுவதற்கு முன்பே டைப்புகளைச் சரிபார்க்கும் மொழி. கம்பைலர் பைத்தானில் இருக்கிறது. அது எங்கள் மூலநிரலைச் சி நிரலாக மாற்றித் தரும். பிறகு ஜிசிசி, கிளாங் என்ற சி கம்பைலர்களில் ஒன்று அதை இயங்கு நிரலாக்கும். ஃபங்ஷன், ஸ்ட்ரக்ட், ஜெனரிக்ஸ், மாட்யூல் எல்லாம் ஓடுகின்றன.

அடுத்து என்ன என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. ஒருவர் சி-யை விட்டுவிட்டு, பல மொழிகளின் கம்பைலர்களுக்கு அடித்தளமாக இருக்கும் எல்எல்விஎம்முக்குப் போகலாம் என்கிறார். இன்னொருவர் கம்பைலரை எங்கள் மொழியிலேயே திரும்ப எழுத வேண்டும், அப்போதுதான் அது முழு மொழி என்கிறார். பிறர் எழுதிய லைப்ரரிகளை இறக்கித் தரும் பேக்கேஜ் மேனேஜர் இல்லாமல் யாரும் வரமாட்டார்கள் என்பது என் எண்ணம். மூன்றையும் செய்ய ஆள் இல்லை. இந்தப் பாதையில் போனவர்கள் எதை முதலில் செய்வீர்கள்?

இடைநிலை:

முதலில் ஒன்று. சி-யை வெளியிடுவதில் குறைவு எதுவும் இல்லை. சி++ தொடங்கியதே சிஃப்ரண்ட் என்ற, சி நிரல் எழுதித் தரும் கருவியாகத்தான். நிம் மொழி இன்றைக்கும் சி வழியாகத்தான் போகிறது. சி கம்பைலர் இல்லாத சிப் அரிது. அந்த வீச்சு உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அதை விடுவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

ஆனால் நீங்கள் வெளியிடும் சி எப்படிப்பட்டது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். உங்கள் மொழியில் முழுஎண் கூட்டல் எல்லை தாண்டினால் என்ன ஆகும்? சுற்றி மறுமுனைக்கு வருமா, நிரல் நிற்குமா? எதுவாக இருந்தாலும் சி-யில் குறியுள்ள முழுஎண் எல்லை தாண்டினால் விதியே கிடையாது. ‘அ + 1 > அ’ என்ற சோதனையை ஜிசிசி எப்போதும் உண்மை என்று எடுத்துக்கொண்டு மொத்தமாகத் தூக்கிவிட உரிமை உண்டு. உங்கள் மொழியின் பயனர் எல்லைச் சோதனை எழுதியிருப்பார், அது இயங்கு நிரலில் இருக்காது. பிழை தேடுவதற்காகக் கட்டும் டீபக் பில்டில் எல்லாம் சரியாகவே தெரியும். நிரலை வேகப்படுத்தும் ஆப்டிமைசேஷனை ஏற்றியதும் காணாமல் போகும்.

அதேபோல ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் ஆர்க்யுமென்ட்டுகளை எந்த வரிசையில் கணக்கிட வேண்டும் என்று சி சொல்வதில்லை. உங்கள் மொழி இடமிருந்து வலம் என்று சொல்லியிருந்தால், ஒவ்வொரு ஆர்க்யுமென்ட்டையும் தனி மாறியில் போட்டுவிட்டு அப்புறம் அழையுங்கள். கிளாங்கும் ஜிசிசியும் இதில் வெவ்வேறு வரிசையில் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

நுனிக்கிளை:

எல்லை தாண்டினால் நிரல் நிற்க வேண்டும் என்பது எங்கள் விதி. இப்போது வெறும் கூட்டலாகத்தான் போகிறது. ஆர்க்யுமென்ட் வரிசையைப் பற்றி எங்கள் ஆவணத்தில் ஒரு வரிகூட இல்லை.

இடைநிலை:

அப்படியென்றால் கூட்டலுக்கு ஜிசிசி, கிளாங் இரண்டிலும் எல்லையைச் சரிபார்த்துக் கூட்டும் உள்ளமை ஃபங்ஷன்கள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள். வரிசையை ஆவணத்தில் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் கம்பைலர் இன்றைக்கு என்ன செய்கிறதோ அதுவே மொழியின் விதியாகிவிடும். பிறகு மாற்ற முடியாது.

பின்கதவு:

எல்எல்விஎம் பக்கம் இருந்து சொல்கிறேன், அதில்தான் என் தினசரி வேலை.

2000இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வுத் திட்டம் அது. இன்றைக்கு ரஸ்ட், ஸ்விஃப்ட், ஜூலியா மொழிகள் எல்லாம் அதன் மேல் நிற்கின்றன. நல்ல ஆப்டிமைசேஷன், டீபக் தகவல், பல சிப்களுக்கு நிரல்: இத்தனையும் ஒரே இடத்தில். இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மூன்று பேர் கொண்ட குழுவுக்கு அதன் விலை தெரிந்திருக்க வேண்டும்.

ஆண்டுக்கு இரண்டு பெரிய வெளியீடு. அதை அழைக்கும் இடைமுகமான சி++ ஏபிஐ எப்போது வேண்டுமானாலும் மாறும். 2022இல் வந்த பதிப்பு 15-இல் பாயிண்டர்கள் எதைச் சுட்டுகின்றன என்ற டைப் தகவல் இல்லாமல் இருப்பதையே இயல்பாக்கினார்கள். முடிவு சரிதான், ஆனால் பாயிண்டரிலிருந்து டைப்பைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த ஒவ்வொரு ஃப்ரண்ட்எண்டும் (மூலநிரலைப் படித்து எல்எல்விஎம்மிடம் தரும் பகுதி) அந்த இடங்களையெல்லாம் திருத்த வேண்டியிருந்தது.

இரண்டாவது, எல்எல்விஎம் வளர்ந்தது சி, சி++ நிரல்களோடு. அவற்றின் ஊகங்கள் உள்ளே ஊறிக் கிடந்தன. வெளியே தெரியும்படி எதுவும் செய்யாத முடிவிலாச் சுழல் வராது என்பது அதில் ஒன்று. சி++ விதி அந்த ஊகத்தை அனுமதித்தது. ரஸ்டில் முடிவிலாச் சுழல் முறையான நிரல். ஆனால் எல்எல்விஎம் அதைத் தூக்கிவிட்டு, ஓட்டம் அடுத்த நிரலுக்குள் போய் விழுந்தது. ‘இந்தச் சுழல் முன்னேறியே ஆக வேண்டும்’ என்பதை மொழியே தேர்ந்தெடுக்கும் குறி 2021இல் பதிப்பு 12-இல் வந்த பிறகுதான் இது தீர்ந்தது. ஒரே இடத்தை இரண்டு பாயிண்டர்கள் சுட்டாது என்று ரஸ்ட் கொடுத்த உறுதியும் அப்படித்தான். சி-யில் யாரும் அவ்வளவாகப் பயன்படுத்தாத வசதி, அதனால் உள்ளே பிழைகள். ரஸ்ட் அதை அணைப்பதும் திரும்பப் போடுவதுமாக இருந்து, 2021இல்தான் மீண்டும் இயக்கியது.

ஆக, சி-யிலிருந்து எல்எல்விஎம்முக்குப் போனால் சி-யின் விதியின்மையிலிருந்து தப்பிவிடலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். வேறு காரணம் இருந்தால் போங்கள்.

முதல்வரி:

ஒரு கேள்வி. கம்பைல் வேகம்? சி-யை எழுதி, அதைத் திரும்ப ஒரு கம்பைலர் படிப்பது இரட்டை வேலை இல்லையா?

பின்கதவு:

சி-யைப் படிக்கும் நேரம் பெரிதல்ல. ஆப்டிமைசேஷனும் நிரல் உருவாக்கமும்தான் நேரத்தை விழுங்கும், அவை எல்எல்விஎம்மிலும் இருக்கும். கோ மொழி தன் சொந்த பேக்எண்டோடு (இயங்கு நிரலை உருவாக்கும் பகுதி) நின்றதற்குக் கம்பைல் வேகம் ஒரு முக்கியக் காரணம். ஸிக் மொழியும் டீபக் பில்டுகளுக்கு எல்எல்விஎம்மை விட்டுத் தானே எழுதிய பேக்எண்டுக்கு நகர்ந்து வருகிறது. வேகம்தான் குறை என்றால் டீபக் பில்டுக்கு மட்டும் கிரேன்லிஃப்ட், கியூபிஇ மாதிரி சின்ன பேக்எண்ட் ஒன்றைப் பாருங்கள்.

வேர்நிரல்:

மொழியைத் தன் மொழியிலேயே எழுதுவதற்கு நான் ஆதரவு. உங்கள் மொழியில் பெரிய நிரல் என்று எதுவும் இல்லை என்றால், எது வலிக்கிறது என்பது உங்களுக்கே தெரியாது. கம்பைலர் பல்லாயிரம் வரி வரும். மாட்யூல் அமைப்பு, பிழை கையாளுதல், ஹேஷ் டேபிள், ஸ்ட்ரிங் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தேய்த்துப் பார்க்கும். ரஸ்டின் முதல் கம்பைலர் ஓகேமல் மொழியில் இருந்தது. 2011இல் தன்னைத் தானே கம்பைல் செய்துகொண்டது. 1.0 வந்தது 2015இல். இடைப்பட்ட காலத்தில் மொழி அடியோடு மாறியது. அந்த மாற்றத்துக்கான அழுத்தம் கணிசமாகக் கம்பைலரை எழுதியவர்களிடமிருந்து வந்தது என்றுதான் நான் கருதுகிறேன். இன்னொரு லாபம்: பங்களிக்க வருபவர் பைத்தான் தெரிந்து வர வேண்டியதில்லை. மொழியைக் கற்றவர் நேராகக் கம்பைலருக்குள் வரலாம்.

இடைநிலை:

வேர்நிரல் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். பெரிய நிரல் வேண்டும். அது கம்பைலராகத்தான் இருக்க வேண்டுமா?

கம்பைலர் விசித்திரமான நிரல். மரம், அட்டவணை, ஸ்ட்ரிங்; ஓடும், முடியும். நெட்வொர்க் இல்லை, நாள்கணக்கில் ஓடுவதில்லை, நினைவகத்தைத் திருப்பித் தராமலேயே பிழைத்துக்கொள்ளலாம். மொழியை அதை வைத்து மட்டும் சோதித்தால், கம்பைலர் எழுதுபவர்களுக்கு இனிக்கும் மொழிதான் கிடைக்கும். பேட்டர்ன் மேட்சிங் பிரமாதமாக இருக்கும், ஃபைல் படிப்பது மூக்கைச் சுற்றி வரும்.

கோ என்ன செய்தது பாருங்கள். 1.0 வந்தது 2012இல், கம்பைலர் அப்போது சி-யில். மொழி நிலைத்த பிறகு, 2015இல் பதிப்பு 1.5-இல்தான் கோவுக்கு மாற்றினார்கள். அதையும் கையால் எழுதவில்லை. சி-யைக் கோவாக மாற்றும் கருவி ஒன்றை எழுதி அதன் வழியாக மாற்றினார்கள். அப்படியும் பில்ட் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது என்று அந்த வெளியீட்டுக் குறிப்பிலேயே இருக்கிறது. அவ்வளவு பெரிய குழுவுக்கே அதுதான் நிலை.

மொழி இன்னும் மாறிக்கொண்டிருக்கும்போது மாற்றினால், ஒவ்வொரு தொடரியல் மாற்றத்தையும் இரண்டு படியில் செய்ய வேண்டும். பழையதும் புதியதும் படிக்கத் தெரிந்த கம்பைலர் ஒன்று, அதை வைத்துப் புதியதில் எழுதிய கம்பைலர் இன்னொன்று. இப்போது பைத்தானில் ஒரு மாலையில் முடியும் வேலை அது.

வேர்நிரல்:

அந்தச் சங்கிலி உண்மைதான். அதற்கு வழி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஸிக் 2022 இறுதியில் தன் பழைய சி++ கம்பைலரை முழுக்க நீக்கியது. அதற்குப் பதில் கம்பைலரின் வெப்அசெம்பிளி பைனரி ஒன்றை ரெப்போவிலேயே வைத்திருக்கிறது. சி கம்பைலர் இருந்தால் போதும், அதிலிருந்து மற்றதெல்லாம் ஏறி வந்துவிடும்.

பைனரியை நம்ப வேண்டுமே என்பீர்கள். நியாயமான அச்சம். கம்பைலருக்குள் ஒளிந்த பின்வாசல் மூலநிரலில் தடமே இல்லாமல் தலைமுறை தலைமுறையாகத் தொடர முடியும் என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1984இல் காட்டினார். கூயிக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் குழு அதற்கு எதிர்ப்பக்கமாகப் போனது: 2023இல் 357 பைட் அளவுள்ள விதை நிரலிலிருந்து படிப்படியாக ஏறி ஜிசிசி வரை கட்டிக் காட்டினார்கள். நீங்கள் எப்போது மாற்றினாலும் பைத்தான் கம்பைலரின் கடைசிப் பதிப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். உங்கள் மொழியை மூலநிரலிலிருந்தே கட்டி எழுப்ப அதுதான் வழி.

பிழைமுகம்:

மூன்று தேர்வும் எனக்கு அடுத்த கட்டமாகத்தான் படுகிறது. நுனிக்கிளை, உங்கள் கம்பைலரிடம் தவறான நிரலைக் கொடுத்தால் என்ன சொல்கிறது? புதிதாக வருபவர் பார்க்கப்போவது அதைத்தான். அவர் எழுதும் முதல் நிரல் சரியாக இருக்கப் போவதில்லை.

ஒரே ஒரு சோதனை செய்து பாருங்கள். நடுத்தர நீளமுள்ள ஃபைலில், நடுவில் உள்ள ஒரு ஃபங்ஷனின் மூடும் அடைப்பை மட்டும் நீக்குங்கள்.

நுனிக்கிளை:

செய்தேன். ஃபைலின் கடைசி வரியைக் காட்டி ‘எதிர்பாராத முடிவு’ என்கிறது.

பிழைமுகம்:

நிரலின் அமைப்பைப் படிக்கும் பார்சர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது அதுதான். பைத்தானே 2021இல் வந்த 3.10 வரைக்கும் மூடாத அடைப்புக்குறிக்கு வேறெங்கோ அடுத்த வரியைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பதிப்பிலிருந்துதான் திறந்த இடத்தைக் காட்டி, இது மூடப்படவே இல்லை என்கிறது.

உங்களுக்கு வழி எளிது. திறக்கும் ஒவ்வோர் அடைப்பையும் ஸ்டேக்கில் போடும்போது அதன் வரியையும் அந்த வரி எத்தனை இடம் உள்தள்ளியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். மூடும் அடைப்பு வரும்போது உள்தள்ளல் பொருந்தவில்லை என்றால் அந்த ஜோடியைச் சந்தேகப் பட்டியலில் வையுங்கள். ஃபைல் முடிந்து ஸ்டேக் காலியாகவில்லை என்றால், கடைசி வரியைக் காட்டாமல் முதல் சந்தேக ஜோடியைக் காட்டுங்கள், அப்படி ஜோடி இல்லையென்றால் ஸ்டேக்கில் மிஞ்சிய அடைப்பைக் காட்டுங்கள். மனிதர்கள் அடைப்பை மறப்பார்கள், உள்தள்ளலை எடிட்டர் பார்த்துக்கொள்ளும். அதனால் இந்த ஊகம் பெரும்பாலும் பலிக்கும்.

அடுத்தது, பிழை பெருகுவது. ஒரு மாறியின் பெயரில் எழுத்து மாறிவிட்டது, அதைத் தொடர்ந்து அந்த மாறி வரும் ஒவ்வொரு வரியிலும் டைப் பொருந்தவில்லை என்று கம்பைலர் அலறும். இதற்குப் ‘பிழை டைப்’ என்று உள்ளுக்குள் ஒன்று வையுங்கள். எந்த டைப்போடும் சத்தமில்லாமல் பொருந்தும், தன்னைத் தொட்டதையும் பிழை டைப்பாக்கும். காரணம் ஒன்று, செய்தியும் ஒன்று.

பார்சரைத் தானே எழுதித் தரும் பார்சர் ஜெனரேட்டர் பயன்படுத்துகிறீர்களா, கையால் எழுதியதா? ஜிசிசி சி++-க்கு 2004இலும் சி-க்கு 2006இலும் பைசன் என்ற பார்சர் ஜெனரேட்டரை விட்டுக் கையால் எழுதிய பார்சருக்கு வந்தது. பிழையை விளக்கும் இடத்தில் கையில் கட்டுப்பாடு இருக்க வேண்டும்.

பிறகு, இந்தச் செய்திகளையெல்லாம் டெஸ்டாக்குங்கள். தவறான நிரல் ஒரு ஃபைல், கம்பைலர் சொல்ல வேண்டிய செய்தி முழுவதும் பக்கத்தில் இன்னொரு ஃபைல். ரஸ்டில் இதே முறையில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. யாராவது பார்சரைத் தொட்டால், எந்தச் செய்தி எப்படி மாறியது என்பது புல் ரிக்வெஸ்டிலேயே தெரியும். கம்பைலரின் உள்ளே போகாதவர்கள் பங்களிக்க இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

முதல்வரி:

உங்கள் மொழியில் மாறிப் பெயரைத் தமிழில் வைக்கலாமா?

நுனிக்கிளை:

யூனிகோடில் எழுத்து என்று குறிக்கப்பட்டவை எல்லாவற்றையும் ஏற்கிறோம்.

புள்ளிமெய்:

அப்படியென்றால் தமிழை ஏற்கவில்லை. ‘மரம்’ என்று வைத்துப் பாருங்கள். கடைசிப் புள்ளி யூனிகோடில் எழுத்து வகை அல்ல, ஒட்டும் குறி. கொம்பு, கால், சுழி எல்லாமே அப்படித்தான். கோ மொழியின் விதி எழுத்து, எண், அடிக்கோடு மட்டும் என்று இருப்பதால் அதில் இன்றும் ‘மரம்’ என்ற மாறி செல்லாது. பெயர்களுக்கென்றே யூனிகோடு இணைப்பு 31 இருக்கிறது. பெயரின் தொடக்கத்தில் எது வரலாம், தொடர்ச்சியில் எது வரலாம் என்று தனித்தனியாகப் பட்டியல் தருகிறது. அதைப் பின்பற்றுங்கள்.

இன்னும் இருக்கிறது. ‘கொடு’ என்பதைக் க, ொ, ட, ு என நான்கு குறியாக எழுதலாம். ொ-வை ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று பிரித்து ஐந்து குறியாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. கம்பைலருக்கோ இரண்டும் வேறு வேறு மாறி! ஒருவர் ஒரு கீபோர்டில் அறிவித்த பெயரை இன்னொருவர் வேறு கீபோர்டில் பயன்படுத்தினால் ‘இப்படி ஒரு பெயர் இல்லை’ என்ற செய்தி வரும். இரண்டு வரியையும் அருகருகே வைத்து எவ்வளவு நேரம் பார்த்தாலும் காரணம் புரியாது. நிரலைச் சொற்களாகப் பிரிக்கும் லெக்சரிலேயே, பெயர்களை என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். ரஸ்ட் அப்படித்தான் செய்கிறது, பைத்தான் என்எஃப்கேசி என்ற இன்னொரு வடிவத்துக்கு மாற்றுகிறது.

ஒன்றை மட்டும் அதுவும் காப்பாற்றாது. ‘கௌ’ என்பதற்குப் பதில் கெ போட்டு ள போடுகிறவர்கள் நிறையப் பேர். அது யூனிகோடுக்கு வேறு சொல். அங்கே ‘இந்தப் பெயரைச் சொல்கிறீர்களா’ என்று கம்பைலர் பரிந்துரைக்கத்தான் முடியும்.

வரிக்குள் இடத்தைச் சொல்லும் எண்ணையும் இப்போதே தீர்மானியுங்கள். அதே ‘கொடு’, நான்கு குறியாக எழுதினால், யூனிகோடைச் சேமிக்கும் முறைகளில் யுடிஎஃப்-8-இல் 12 பைட், யுடிஎஃப்-16-இல் 4 அலகு, கண்ணுக்கு 2 எழுத்து. எடிட்டரோடு பேசும் லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் தொடக்கத்திலிருந்தே யுடிஎஃப்-16 அலகைத்தான் கேட்டது. 2022இல் வந்த 3.17-இலிருந்துதான் இரு தரப்பும் பேசி யுடிஎஃப்-8 வைத்துக்கொள்ளலாம். கம்பைலருக்குள் பைட் எண் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, வெளியே கொடுக்கும் இடத்தில் மாற்றுங்கள். இல்லையென்றால் தமிழ் வரும் வரிகளில் எல்லாம் சிவப்புக் கோடு வேறு சொல்லின் கீழே விழும்.

விதிவிலக்கு:

இழையில் உரிமம் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் சொல்கிறேன். மற்றத் திட்டங்களைவிடக் கம்பைலருக்கு இது கூடுதல் சிக்கல், ஏனென்றால் உங்கள் ரன்டைம் லைப்ரரி ஒவ்வொரு பயனரின் இயங்கு நிரலுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்கிறது. கம்பைலருக்கு ஜிபிஎல் (தன்னோடு சேரும் நிரலையும் அதே உரிமத்தில் தரச் சொல்லும் உரிமம்) போட்டு, அதையே ரன்டைமுக்கும் போட்டால், உங்கள் மொழியில் எழுதிய நிரல்களுக்கும் அந்த உரிமம் பொருந்துமா என்ற கேள்வி எழும். ஜிசிசி இதற்காகவே ரன்டைம் லைப்ரரிக்குத் தனி விதிவிலக்கு வைத்திருக்கிறது. எல்எல்விஎம் அப்பாச்சி 2.0-க்கு மாறியபோதும், இயங்கு நிரலில் கலந்துபோகும் துண்டுகளுக்கு அறிவிப்பு வைக்கத் தேவையில்லை என்று விதிவிலக்கைச் சேர்த்தது.

அந்த மாற்றம் 2019இல் நடைமுறைக்கு வந்தது. பழைய பங்களிப்பாளர்களைத் தேடிப் பிடித்து ஒப்புதல் வாங்கும் வேலை அதற்கு முன்பும் பின்பும் ஆண்டுக்கணக்கில் நடந்தது. நீங்கள் மூன்று பேராக இருக்கும்போது இது ஒரு மின்னஞ்சல் வேலை.

நுனிக்கிளை:

ரன்டைமும் கம்பைலரும் ஒரே ரெப்போ, ஒரே ஜிபிஎல். இதை இன்றே மற்ற இருவரிடமும் பேசுகிறேன்.

பேதமுனை:

டெஸ்ட் பற்றி ஒரு சேர்க்கை. யூட்டா பல்கலைக்கழகத்தின் சிஸ்மித் என்ற கருவி தற்போக்காகச் சி நிரல்களை உருவாக்கி, பல கம்பைலர்களில் ஓட்டி, விடை வேறுபடுகிறதா என்று பார்த்தது. அவர்கள் 2011இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அதுவரை யாரும் அறியாத 325-க்கும் மேற்பட்ட பிழைகள் கிடைத்தன. ஜிசிசி, எல்எல்விஎம் இரண்டுமே அதில் அடக்கம்.

உங்கள் மொழிக்கு இரண்டாவது கம்பைலர் இல்லை, ஒப்பிட ஆள் இல்லை. அதனால் ஒரு இன்டர்பிரட்டர் எழுதுங்கள். மரத்தை நேராக நடந்து ஓட்டும், மெதுவான, ஆப்டிமைசேஷனே இல்லாத ஒன்று, பைத்தானிலேயே போதும். ஆவணத்தின் ஒவ்வொரு விதியும் அதில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பிறகு ஒவ்வொரு டெஸ்டையும் இன்டர்பிரட்டரிலும், கம்பைல் செய்து ஆப்டிமைசேஷன் இல்லாமலும் ஆப்டிமைசேஷனோடும் ஓட்டுங்கள். மூன்று விடையும் ஒன்றாக இருக்க வேண்டும். இடைநிலை சொன்ன எல்லை தாண்டும் கூட்டலும் ஆர்க்யுமென்ட் வரிசையும் முதல் நாளே இதில் மாட்டும். நாளைக்கு எல்எல்விஎம்முக்குப் போனாலும் அதே டெஸ்டுகள் கூடவே வரும்.

முதல்வரி:

பேக்கேஜ் மேனேஜரை யாருமே தொடவில்லையே?

இடைநிலை:

பகிர்ந்துகொள்ள லைப்ரரிகள் வந்த பிறகு அது வேண்டும். அதற்கு முன் பொருந்தாத மாற்றங்களை எப்படிக் கொண்டுவருவீர்கள் என்று முடிவு செய்யுங்கள். கோ 1.0-இல் எழுதியது தொடர்ந்து கம்பைல் ஆகும் என்று வாக்குக் கொடுத்து அதைக் காப்பாற்றி வருகிறது. ரஸ்ட் எடிஷன் முறையில் பழைய பேக்கேஜும் புதியதும் ஒரே நிரலில் சேர விடுகிறது. பைத்தான் 3 வந்தது 2008இல், 2-க்கான ஆதரவு முடிந்தது 2020 தொடக்கத்தில். இரண்டும் ஒரே நிரலில் சேராததால்தான் அவ்வளவு காலம். பேக்கேஜ் ஃபைலில் மொழிப் பதிப்புக்கு ஒரு வரியை இப்போதே ஒதுக்குங்கள், அது போதும்.

நுனிக்கிளை:

இதைப் படித்துவிட்டு மூவரும் பேசினோம். சி வெளியீட்டை வைத்துக்கொள்கிறோம். கூட்டல், ஆர்க்யுமென்ட் வரிசை இரண்டையும் இந்த வெளியீட்டிலேயே சரிசெய்கிறோம். இன்டர்பிரட்டரை எல்எல்விஎம் கேட்ட நண்பரே எடுத்துக்கொண்டார். பிழைச் செய்தி டெஸ்டுகள் என் பொறுப்பு. ரன்டைமைத் தனி அடைவுக்கு மாற்றி, விதிவிலக்கோடு உரிமம் தருகிறோம், மூவரும் ஒப்புக்கொண்டாயிற்று. கம்பைலரை எங்கள் மொழியில் எழுத விரும்பியவர் முதலில் மூலநிரலின் உள்தள்ளலையும் இடைவெளியையும் சீராக்கும் ஃபார்மேட்டரை அதில் எழுதப் போகிறார்.

வேர்நிரல்:

ஃபார்மேட்டர் நல்ல தேர்வு. லெக்சரும் பார்சரும் எப்படியும் அதற்கு வேண்டும், கம்பைலருக்கு அவற்றையே எடுத்துக்கொள்ளலாம். கமெண்ட்டுகளை மரத்தில் எங்கே ஒட்டுவது என்பதை மட்டும் தொடக்கத்திலேயே யோசிக்கச் சொல்லுங்கள். கம்பைலர் கமெண்ட்டைத் தூக்கி எறியும், ஃபார்மேட்டர் எறியக் கூடாது.

பிழைமுகம்:

டெஸ்ட் ஃபைல்களில் ‘மரம்’, இரண்டு விதமான ‘கொடு’ இரண்டையும் சேருங்கள். பிரித்து எழுதிய வடிவத்தை எடிட்டர் சேமிக்கும்போது மாற்றிவிடாமல் இருக்க, அந்த ஒரு ஃபைலை மட்டும் டெஸ்ட் ஓடும்போது குறியெண்களிலிருந்து உருவாக்குங்கள்.